குளிப்பாட்டிய கன்று

இரவு ஷிஃப்ட் முடிந்து கூலிமிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வரும்போது எனக்கு எப்போதும் பாதித் தூக்கம்தான். ஜன்னலில் தலை இடிக்க இடிக்க, வெளியே செம்பனைகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசையும். எங்கள் ஊர் கோலா கெத்தில் வந்ததா, தாண்டிவிட்டதா என்றே தெரியாது. டிரைவர் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இறங்குவேன். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கி நடந்தேன். கொட்டகையில் செவ்வந்தி அப்போதுதான் கன்று போட்டிருந்தாள்.

அந்த மாதம் எங்கள் கொட்டகையில் மூன்று கிடாரிகள் ஈன வேண்டும். மூன்றுக்கும் தலையீற்று. அதில் செவ்வந்தி என் செல்லம். அவளைப் போட்டதுமே அவள் தாய் செத்துப்போனது. அந்த வாரம் ஈன்றிருந்த வேறொரு மாட்டின் சீம்பாலைக் கெஞ்சி வாங்கி, புட்டியில் ஊற்றி அவளை வளர்த்தவள் நான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் மடியில் படுத்துப் பால் குடித்த ஒரே உயிர் அவள்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கன்று வழுவழுவென்று, மேலெல்லாம் வைக்கோல் ஒட்டிக் கிடந்தது. நான் வேலை செய்வது கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில், தூசி நுழையாத அறையில். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பன்னிரண்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வந்த கை அழுக்கைக் கண்டால் சும்மா இருக்குமா? செவ்வந்தியைக் கட்டிப்போட்டேன். வெந்நீர் வைத்து, குழந்தை சவர்க்காரம் தேய்த்து, கன்றை நன்றாகக் குளிப்பாட்டித் துவட்டினேன். பவுடரும் போட்டிருப்பேன், டப்பா காலி. செவ்வந்தி கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தினாள். நான் தூக்கக் கலக்கத்தில் அவளுக்குத் தாலாட்டுப் பாடினேன்.

கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்தது. என் கணவர் சசிதரன் அதைச் சாக்கில் சுற்றி, கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் பால்மரத்தில் கட்டினார். எங்கள் பக்கம் ரப்பர் மரம்தான் பால்மரம். அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது, கட்டியதை இறக்கினால் பால் வற்றிப்போகும் என்பது நம்பிக்கை.

பிறகுதான் விபரீதம். கயிற்றை அவிழ்த்துக் கன்றைப் பக்கத்தில் விட்டால், செவ்வந்தி மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளினாள். மறுபடி விட்டோம். எட்டி உதைத்தாள். கறந்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால் மடி கல்லாக இறுகிக் கிடந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. மற்ற இரண்டும் நிறைமாதம். கெஞ்சி வாங்கவும் அக்கம்பக்கத்தில் ஈன்ற மாடு இல்லை. மாட்டு டாக்டருக்குப் போன் செய்தால், பெண்டாங்கில் இருக்கிறார், சாயங்காலம்தான் வருவாராம். சாயங்காலம் வரை சீம்பால் இல்லாமல் அந்தக் கன்று தாங்காது. இப்போதே அது தலையைத் தூக்குவதை நிறுத்திவிட்டது.

சீம்பாலுக்குத் தூக்குச் சட்டியோடு வந்தாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா. கன்றின் கழுத்தைத் தடவி, கையை மோந்து பார்த்தாள்.

"என்னாடி லோகா, கடையில வாங்குன பொம்ம மாதிரி மணக்குது? இத எப்படி அது தன் புள்ளன்னு நெனைக்கும்?"

எனக்குச் சட்டென்று தூக்கம் கலைந்தது. செவ்வந்தி நக்க வேண்டியதை எல்லாம் நான் கழுவி வாய்க்காலில் விட்டிருக்கிறேன். மகள் மகள் என்று சொல்லிக்கொண்டு அவள் பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கியவள் நானேதான். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

கத்தியை எடுத்துக்கொண்டு பால்மரத்துக்கு ஓடினேன். சசி பின்னாலேயே வந்தார்.

"லோகா, கட்டுனத எறக்கக் கூடாது லா! பால் வத்திரும்."

"இப்ப மட்டும் என்னா ஆறா ஓடுது? தள்ளுங்க!"

கயிற்றை அறுத்தேன். சாக்கு என் தோளிலேயே விழுந்தது. கொட்டகைக்குக் கொண்டுவந்து பிரித்து, உள்ளே இருந்ததை அள்ளிக் கன்றின் முதுகில், வயிற்றில், காதுக்குள் எல்லாம் பூசினேன். என் கை, கழுத்து, முடி எங்கும் அதுதான். உச்சி வெயில் தகர ஓட்டைகள் வழியாக இறங்கி வைக்கோலில் வட்டம் வட்டமாக நின்றது. சிள்வண்டுச் சத்தம் எங்கோ தூரத்தில் போனது. நான் கன்றைக் கட்டிக்கொண்டு அப்படியே சாய்ந்தேன். நான் விழித்திருந்தேனா, பஸ்ஸில்தான் இருந்தேனா, சத்தியமாகத் தெரியாது.

செவ்வந்தியின் மூச்சு சுடச்சுட எங்கள் மேல் பட்டது. அவள் தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் எழுந்தது. மூன்று வருஷத்தில் நான் அவளிடம் கேட்டிராத சத்தம். கன்றின் முகத்தை நக்கினாள். பிறகு முதுகை. பிறகு நிறுத்தவே இல்லை. கன்று தள்ளாடி எழுந்து, முன்னங்காலில் முட்டி, வயிற்றில் முட்டி, கடைசியில் காம்பைப் பிடித்தது. அதன் வாயோரத்தில் மஞ்சளாகப் பால் வழிந்தது. புஷ்பவள்ளி அக்கா தூக்குச் சட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

கன்று குடித்துக்கொண்டிருக்க, செவ்வந்தி கழுத்தைத் திருப்பி என் கையை நக்கினாள். கழுத்தை நக்கினாள். முடியை வாரி வாரி நக்கினாள். சொரசொரப்பான நாக்கு, தோல் எரிந்தது. சசி சிரித்துவிட்டார்.

"ஒன்னயும் கன்னுன்னு நெனச்சிக்கிச்சி லா. எந்திரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கண்களையும் நக்கினாள். அது கண்ணீரில் இருக்கும் உப்புக்காகத்தான் என்றார் சசி. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் எழுந்திருக்காமல் கிடந்தேன்.