தொப்பிக்காரரிடம் போன தோட்டாக்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டிரக்கின் முன் இருக்கையில். ஓட்டியவள் மார்லிஸ் ருட்க்விஸ்ட்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அக்டோபரில் அமெரிக்காவின் வயோமிங் மலைகள் செம்பு நிறத்தில்—"

அடித்துவிட்டேன். பயந்துபோயிருந்த நாங்கள் மலையின் நிறத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து: "ஒரு டப்பா மாறியதால் வந்த வினை." இதுவும் சரியில்லை. டப்பா மாறுவதற்கு வெகு முன்பே, குறி தப்பக்கூடாது என்ற ஆசையில் ஆரம்பித்தது இது. அங்கிருந்தே சொல்கிறேன்.

2

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், அறுபதை நெருங்கியவள். ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குப் பின்னால் குப்புறப் படுத்து, நூறு கஜத்துக்கு அப்பால் மாட்டிய தாளைச் சுடுவாள். கடைத் தோட்டாவில் ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். துப்பாக்கியைக் குறை சொன்னாள், காற்றைக் குறை சொன்னாள், கடைசியில் தன் மூச்சையே குறை சொன்னாள். அவள் தம்பி ஆரின், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், விழுந்து விழுந்து சிரிப்பான்.

"மானு மேல பட்டா போதும் மார்லிஸ். எந்த விலா எலும்புல பட்டுச்சுன்னு அது கேக்கப்போறதில்ல."

"எனக்குத் தெரியணும்ல."

"பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுறியா?"

"உன் புள்ளைங்கள ஏத்திட்டுப் போனவ நான்தான்டா. ஒண்ணாவது கீழ விழுந்துச்சா?"

(தமிழில் அவனை 'அக்கா' என்று கூப்பிட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இங்கே தம்பியும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். விட்டுவிட்டேன்.)

அப்புறம் தோட்டாக்களைத் தானே செய்ய ஆரம்பித்தாள். காரேஜில் ஒரு பழைய கை பிரஸ்ஸை மேசையோடு முடுக்கினாள். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புது எரிமுனை பொருத்தி, தராசில் நிறுத்த மருந்தைக் கொட்டி*, மேலே குண்டை அழுத்தி மூடுவாள். அந்தக் கோடையிலேயே ஓட்டைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்தன. அந்தத் தாளை என் கடைக்குக் கொண்டுவந்து, இருமல் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.

* நான் இந்த ஊரில் மருந்துக் கடை வைத்திருப்பவள். நான் நிறுக்கும் மாத்திரைப் பொடிக்கும் அவள் நிறுக்கும் வெடிமருந்துக்கும் தமிழில் 'மருந்து' என்று ஒரே சொல். இதற்கு முன் அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

3

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. அத்தனை கவனமானவள் எப்படி—

அவள் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான். அன்றைக்கு முதலில் பக்கத்து வீட்டுக்காரரின் கைத்துப்பாக்கிக்குச் சில தோட்டாக்கள் செய்தாள். பிறகு ஆரினின் எல்க் மான் வேட்டைக்கு ஒரு பெட்டி. கடைசி வரிசைக்கு வரும்போது தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து, காலியாகிக்கொண்டிருந்த மருந்துப் புனலைக் கைக்கு எட்டிய டப்பாவிலிருந்து நிரப்பினாள். அவ்வளவுதான். நம்பக் கஷ்டமாக இருந்தால், நீங்கள் உப்பு என்று நினைத்துச் சர்க்கரை போட்ட நாளை நினைத்துக்கொள்ளுங்கள். நான் என் கடையை நினைத்துக்கொண்டேன். அதனால்தான் இந்தப் பகுதியை எழுத இவ்வளவு தாமதம்.

ஆரின் பெட்டியோடு மலையேறிய பிறகு, மேசையைத் துடைக்கும்போது புனலில் மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். ரைஃபிள் மருந்து குச்சி குச்சியாக இருக்கும். இது உருண்டையாக இருந்தது.

என் கடைக்குள் வந்து கதவருகிலேயே நின்றாள்.

"கும்," என் பெயரை அவள் சுருக்குவது அப்படித்தான், "ஆரின் போன் எடுக்க மாட்டேங்குறான்."

"மேல சிக்னல் எங்க இருக்கு?"

"மருந்து மாறிப்போச்சு. கடைசி வரிசையா, அதுக்கு முன்னாலயே மாறிச்சா, தெரியல."

"தராசுல போட்டுத்தான நிறுத்த?"

"எடை சரியாத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "கைத்துப்பாக்கி மருந்து ஒரேடியா எரியும். அவ்வளவு எடைக்கு ரைஃபிளே வெடிச்சிரும். கன்னத்த ஒட்டி வெச்சுத்தான சுடுவான்."

நான் கடையைச் சாத்தினேன். கட்டுத்துணி, பஞ்சு, கண்ணுக்கு வைக்கும் பட்டை, இருந்ததையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு டிரக்கைக் கிளப்பப் போனாள்.

4

வேட்டைக் காலத்தில் எங்கள் மலையில் வெடிச் சத்தம் புதிதல்ல. அன்றைக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஹீட்டரையும் அணைத்துவிட்டு, காதை வெளியே நீட்டிக்கொண்டு போனோம்.

ஒரு வெடி. மார்லிஸ் பிரேக்கை மிதித்தாள். இஞ்சினை அணைத்தாள். இருவரும் மூச்சு விடவில்லை.

இரண்டாவது வெடி.

"சரி," என்றாள். "திரும்பச் சுட்டவன் உசுரோட இருக்கான்."

மேலே போகப் போக இதுவே எங்கள் கணக்காகிவிட்டது. ஜோடியாக வந்தால் மூச்சு வரும். மலை முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெடி மட்டும் தனியாக வந்தது. காத்திருந்தோம். பைன் மரங்களுக்குள் ஒரு காகம் கத்தியது. காத்திருந்தோம்.

"ஒரே குண்டுல விழுந்திருக்கும்," என்றேன்.

"பேசாத கும்."

(இங்கே ஒரு நல்ல உவமை வைத்திருந்தேன். வேண்டாம்.)

5

ஆரின் கூடாரத்துக்கு முன்னால் வாணலியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். முழு முகத்தோடு.

"என்ன, பிக்னிக்கா? பீன்ஸ் மூணு பேருக்குப் பத்தாது."

மார்லிஸ் அவன் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பெட்டி எங்கடா?"

எடுத்து நீட்டினான். முன்வரிசையில் ஒன்றே ஒன்று குறைந்திருந்தது. அதை நேற்றுச் சுட்டிருக்கிறான். ஆனால் கடைசி வரிசையில் ஒரே ஒரு தோட்டாதான் மிச்சம்.

"இது எங்க போச்சு?"

"காலையில ஒருத்தர் வந்தார். தோட்டாவ மோட்டல்லயே மறந்து வெச்சிட்டாராம், பாவம். என் ரைஃபிளும் அவரோடதும் ஒரே அளவு. எங்கக்கா கையால செஞ்சது, எந்தக் கடையிலயும் கிடைக்காதுன்னு சொல்லிக் குடுத்தேன்."

"பேரு?"

"கேக்கல. காப்பி குடிச்சார். நல்ல மனுசன்."

"ஆளு எப்படி இருந்தார்?"

"ஆரஞ்சுத் தொப்பி போட்டு—" சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிடாமலிருக்க அந்த மலையில் எல்லோர் தலையிலும் ஆரஞ்சுத் தொப்பிதான். எங்களுடையதும் அதுதான். வாணலியை இறக்கி வைத்தான். "மார்லிஸ், என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். அவர் போன வழி என்று அவன் முகட்டுப் பக்கம் கை நீட்டினான். அந்தத் தனி வெடி வந்த பக்கம்.

பெயர் தெரியாதவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? "சுடாதீங்க, சுடாதீங்க" என்று கத்திக்கொண்டே முகட்டைத் தாண்டி இறங்கினோம். குரல் போகும்வரை கத்தினோம். ஒரு எல்க் கூட்டம்தான் மிரண்டு ஓடியது.

6

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் தோட்டாக்களைப் பிரித்தாள். முன்வரிசைகளிலிருந்து குச்சி குச்சியாகக் கொட்டியது. கடைசி வரிசையின் அந்த ஒன்றிலிருந்து உருண்டை. இப்போது சந்தேகத்துக்கும் இடமில்லை.

வனக்காவலரிடம் சொன்னாள். பாதை முனைகளிலும் மோட்டல்களிலும் தன் பெயரையும் எண்ணையும் போட்டு அறிவிப்பு ஒட்டினாள். வானொலியில் பேசினாள். மலையில் ஒருவரும் கிடைக்கவில்லை, கைவிடப்பட்ட வண்டி இல்லை, சுற்று வட்டார ஆஸ்பத்திரிகளுக்கு வெடிக் காயத்தோடு யாரும் வரவில்லை. அதற்குப் பின் அவள் சுடவும் இல்லை, பிரஸ்ஸைத் தொடவும் இல்லை.

முடிவு ஒன்று: அவர் அறிவிப்பைப் பார்த்துத் தோட்டாக்களை ஆற்றில் வீசிவிட்டார். ஆரினுக்கு இது பிடித்திருக்கிறது.

முடிவு இரண்டு: அந்தத் தனி வெடி. எழுதினேன். மார்லிஸ் வாசித்துக் காட்டச் சொன்னாள். தமிழிலிருந்து மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில்—

முடிவு மூன்று: அவருக்கு அன்றைக்கு மான் கிடைக்கவில்லை. எதுவும் தெரியாமல் வீட்டுக்குப் போனார். போட்டிருந்த கோட்டைக் கழற்றி மாட்டி வைத்தார். தோட்டாக்கள் அதன் பையில் அப்படியே இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றோடும் ஒத்துப்போவது இதுதான். இந்த மூன்றில் எனக்கு அதிகப் பயம் தருவதும் இதுதான்.

மறுபடியும் அக்டோபர் வந்துவிட்டது. எங்கோ ஒரு வீட்டில் ஒரு நல்ல மனிதர் அந்தக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொள்கிறார். பையில் ஏதோ கனக்கிறது. கையை உள்ளே விடுகிறார்.

இதற்கு மேல் என்னால் முடியாது. அடுத்த வாக்கியம் உங்களுடையது. எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மார்லிஸ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எழுதியதை நான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.