புட்டிக்கு முத்திரை இல்லை

தேதி முத்திரை விழாத எதையும் ஜெகதீசன் தம் மேசைமேல் இருக்க விடமாட்டார். திண்டிவனத்தில் அவர் எழுத்தராயிருந்த கோட்டாட்சியர் அலுவலகத்தில், காலைத் தபாலை அடுக்கி, முத்திரை குத்தி, எண்ணிட்ட பிறகே வாசிப்பார். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு தாளும் அவரிடம் தொலைந்ததில்லை.

மாசி மகத்துக்கு மூன்று நாள் முன்பு, கடலோரக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் கெங்கம்மாள் வந்தாள். முந்தின நாள் கப்பல் ஒன்று எண்ணெயைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. பாதி வலைகள் கறுத்துப் பாழாகிவிட்டன. கரையில் ஒதுங்கியதை ஊர்க்காரர்கள் ஊறுகாய்ப் புட்டியில் அள்ளி அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"இன்னாம்மா இது? மேசையே நாறுது!"

"எங்க கடலு சார். நீங்க ஒருவாட்டி மோந்ததுக்கே பேஜாராவுறீங்க. நாங்க நேத்துலருந்து மோந்துக்கினு இருக்கோம்."

"மனு எங்க?"

"புட்டிதான் கீது."

"புட்டிக்கு எங்க முத்திரை குத்துறது? மனுவா எழுதியாந்து குடு. இத்த ஜல்தியா எடுத்துக்கினு போ."

வாசல் தேடி வந்த மீனை, பதிவேட்டில் பெயரில்லை என்று திருப்பியனுப்பும் கொக்கு ஒன்று எங்கேனும் இருந்தால், அதுவும் இப்படித்தான் கழுத்தை நிமிர்த்தியிருக்கும்.

நாற்றம் தாங்காத நடத்துநர் அவளைப் பேருந்தில் ஏற விடவில்லை. கெங்கம்மாள் புட்டியைச் சாக்கடையோரம் எறிந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தாள். மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வரவேண்டுமே என்று, குப்பத்தார் கரையைச் சுரண்டித் துப்புரவாக்கி, வாரியதையும் கறுத்த வலைகளையும் எரித்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்தக் கப்பல் அண்டை நாட்டுத் துறைமுகத்தில் நின்றது. எண்ணெய்க் கசிவில் ஒருவருக்கொருவர் துணைநிற்பதென்று ஒரே கடலைப் பகிரும் நாடுகள் உடன்பாடு செய்திருந்தன. அதன்படி கப்பலைப் பிடித்துவைக்க அந்நாட்டார் ஆயத்தம். கப்பலின் தொட்டி எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்க்க, கரையில் ஒதுங்கிய எண்ணெய் கொஞ்சம் இரண்டு நாளுக்குள் வேண்டும் என்றார்கள்.

'பொதுமக்கள் கசிவு எண்ணெய் எதையும் அளிக்கவில்லை' என்று ஜெகதீசன் பதில் எழுதினார். கப்பல் புறப்பட்டுப் போயிற்று.

கடிதத்தின் நகல் குப்பத்துக்கும் போனது. அடுத்த வாரம் கெங்கம்மாள் வெறுங்கூடையோடு வந்து நின்றாள்.

"ஊரு குடுத்த புட்டிய நான் குடுக்கவே இல்லியாம் சார். பொய்க்காரின்னு ஒருத்தரும் கூடையில மீனு போட மாட்டேங்கறாங்க."

"கோப்பு முடிஞ்சிபோச்சிம்மா."

அவள் வெறுங்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்று மாலை வரை அவரால் ஒரு தாளையும் வாசிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் குப்பத்துக்குப் போனார். ஊர்த்தலைவர் சேரனும் மற்றவர்களும் மிஞ்சிய வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். கெங்கம்மாள் ஒதுங்கி நின்றாள்.

"இந்தம்மா புட்டியக் கொண்டாந்தாங்க. வாங்காம திருப்பி அனுப்புனது நான். எழுதுனது பொய்யி. உண்மைய மேலிடத்துக்கு எழுதிட்டேன்."

"வேலைக்கே வேட்டு வச்சிக்கினீங்களே சார்," என்றார் சேரன். "அப்ப கப்பலு?"

"போயிடுச்சி."

"இனிமே புடிப்பாங்களா?"

"மாட்டாங்க."

ஜெகதீசன் கெங்கம்மாளை நோக்கிக் கைகூப்பினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எழுதுனத எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க," என்றாள்.

அவர் அதன் நகலை விரித்துப் படித்தார். தூரத்துப் படகில் இருந்தவர்கள் காதில் விழவில்லை என்றார்கள். இன்னும் உரக்க, முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தார்.