தம் போட்ட படகு

கீழே வருவதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. பொய்யென்றால், பபேடானில் பர்கத்துல்லா கடைப் பிரியாணி இந்த வெள்ளிக்கிழமை அடிபிடித்துக் கரிந்து போகட்டும். இதற்கு மேல் ஒரு சத்தியம் ரங்கூனில் கிடையாது.

படகு பர்கத்துல்லாவுடையதல்ல. மனைவியின் அண்ணன் இக்பாலுடையது. கியாக்தான் ஆற்றோரம் நிற்கும். மழைக்காலத்தை மாந்தளையில் மகள் வீட்டில் கழிக்கப் புறப்பட்ட இக்பால், புதிதாக ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி, மூலையில் தன் பெயரை வெள்ளைச் சாயத்தில் எழுதி, தங்கை புருஷன் கையில் கொடுத்தார்.

"படகைக் கரையில ஏத்தி, இதைப் போட்டு நல்லா மூடிக் கட்டிருங்க மாப்புள. நம்பிக் குடுக்குறேன், அமானிதம்."

அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் மனைவி ஹமீதுன்னிசாவும் தன் பங்குக்குச் சொன்னாள்: "காக்கா படகுக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் காக்கா வூட்டுக்கே போயிருவேன். அப்புறம் பிரியாணிக்கு நீங்களே வெங்காயம் உரிச்சுக்குங்க."

மூட்டை மூட்டையாய் வெங்காயம். நினைக்கும்போதே பர்கத்துல்லாவுக்குக் கண் கரித்தது.

மழை ஓய்ந்து, தடிஞ்சுட் திருவிழா விளக்குகளும் அணைந்தபின் இக்பால் திரும்பி வந்தார். நேராகக் கியாக்தான் போனார். கரையில் முளைக்குச்சி இருந்தது; படகு இல்லை. அங்கிருந்து பஸ் ஏறி வந்து கடைவாசல் பலகையில் உட்கார்ந்தார்.

"எங்க மாப்புள?"

பர்கத்துல்லா முதலில் ஒரு தட்டு நிறையப் பிரியாணி வைத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

படகை மூடியது உண்மை. கட்டியதும் உண்மை. ஆனால் வெறும் கயிற்றை நம்ப மனம் ஒப்பவில்லை. காலமெல்லாம் பிரியாணி அண்டா மூடிய கை அது. ஈரக்காற்று உள்ளே போகக் கூடாதென்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மைதாவைப் பிசைந்து, தார்ப்பாயின் விளிம்பு முழுக்க அப்பி, படகுக்குத் தம் போட்டுவிட்டார்.

மறுநாள் மழைக்கு நடுவே சுள்ளென்று வெயில் அடித்தது. உள்ளே தேங்கிய நீர் ஆவியாயிற்று. தார்ப்பாய் பூரி மாதிரி உப்பிற்று. படகு ஒரு சாண் எழும்பி, சற்று யோசித்து, பிறகு ஆற்றின் மேலே கிளம்பிவிட்டது. ஆற்று நடுவிலிருக்கும் தீவுக் கோயிலுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு அவரவர் வேலையைக் கவனித்தார்கள். மிங்கலாடோனில் ஒரு விமானம் ஒதுங்கி வழிவிட்டது. விளம்பரத்துக்காகப் படகின் அடியில் கடை போன் நம்பரை எழுதியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. விமான நிலையத்திலிருந்து, பெயருக்கு முன் பர்மிய மரியாதை 'ஊ' சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

"ஊ பர்கத், இதை எப்படி இறக்குறது?"

"தம் உடைக்காம இறங்காது. கிட்டப் போயிராதீங்க, ஆவி மூஞ்சில அடிக்கும்."

"அப்புறம்?" இக்பால் எலும்பை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"வடக்கே போச்சு மச்சான். மாந்தளைப் பக்கம். நீங்க அங்கனதானே இருந்தீங்க? ஒரு தடவை அண்ணாந்து பாத்திருக்கக் கூடாதா?"

இக்பால் மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். "ஒரு நாள் ரொட்டி சுட்ட வாசம் வந்துச்சு. மக வூட்ல அன்னைக்குச் சோறு."

"அதான். உங்க படகுதான்."

"தலையைத் தூக்காம விட்டுட்டனே." இக்பாலுக்குத் தன் மேலேயே வருத்தம். "சரி, தார்ப்பாயி? புதுசாச்சே."

"அதுவும் படகோட போச்சு. அது இல்லாம எப்படி மச்சான் பறக்கும்?"

நியாயம்தான். இக்பால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். கடைசி மழை ஒன்று சடசடவென்று பிடித்துக்கொண்டது. வாசலில் யாரும் நனையவில்லை. ஹமீதுன்னிசா ஒருமுறை மேலே பார்த்தாள். வெங்காயக் கூடையைக் கணவன் பக்கம் நகர்த்தினாள்.

கடைவாசலில் நாலு கம்பு நட்டுக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் மூலையில், 'இக்பால்' என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது.