நாற்பது நிமிஷ ராக்கெட்டும் வள்ளியூர் கேட்டும்

சரியாகப் பத்து மணிக்கு ஜெர்மனியிலிருந்து ராக்கெட் வந்து இறங்கிவிட்டதாக வைத்துக்கொண்டார்கள்.

ராதாபுரத்துக்குத் தெற்கே, பனைகளுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு போட்ட பொட்டல். வானத்தில் ஒரு பருந்துகூட இல்லை. இஞ்சினியர் ஸ்ரீராகவ் தூக்கிய கையைக் கீழே இறக்கினான்.

"இறங்கியாச்சு! எடுங்க பெட்டியை!"

டிரைவர் மதார் தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினான். பெருமாள்ராஜ் தன் அட்டையில் 10.00 என்று எழுதிவிட்டுப் பின்னாலேயே ஏறினார். கதவு சாத்துவதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

ராக்கெட் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. வருஷம் 1997. விண்வில் என்ற நிறுவனம் அதைக் காகிதத்திலிருந்து இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மண்டலத்தைத் தாண்டி மேலே போய், வில்லாக வளைந்து, பாதி உலகத்துக்கு அப்பால் கீழே இறங்கும் வண்டி. ஜெர்மனியிலிருந்து ராதாபுரம் நாற்பது நிமிஷம். முதலில் சரக்கு, பிறகு ஆட்கள். முதல் சரக்காக அவர்கள் மனதில் வைத்திருந்தது மனித இதயம். ஓர் உடம்பிலிருந்து எடுத்த இதயத்தை நாலு மணி நேரத்துக்குள் இன்னோர் உடம்பில் வைத்தாக வேண்டும். அந்த நாலு மணியைக் கூறுபோட்டதில், ராதாபுரம் பொட்டலிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசலுக்கு எழுபத்தைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் போனால் ராக்கெட் நிலையம் ராதாபுரத்துக்கு. போகாவிட்டால் ஒரிசாக் கடற்கரையில் வேறோர் இடம் தயாராக இருந்தது.

ஸ்ரீராகவின் ஃபைலுக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது. 'நிலைய நேரப் பதிவாளர், நிரந்தரம்' என்று அடித்து, பெருமாள்ராஜின் பெயர் போட்ட ஆர்டர். கையெழுத்து மட்டும் பாக்கி. பத்தொன்பது வருஷம் செண்பகவல்லி பஸ் சர்வீசில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். முதலாளி ரூட்டுகளை விற்றுவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. சீவலப்பேரி வீட்டில் அவர் மனைவி உலகம்மாள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், ராக்கெட்டுல ஆளுகளையும் ஏத்துவியளா?" என்றான் மதார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பதினஞ்சு வருஷத்துல ஏத்திடுவோம்."

"காலைல இங்கன இட்லி, மத்தியானம் அங்கன சாப்பாடு!"

"இட்லி சாப்பிட்டுட்டு ஏறக் கூடாது மதார். மேலே இருபது நிமிஷத்துக்கு எடையே இருக்காது. வயித்துல இருக்கறதெல்லாம் தொண்டைக்கு வந்துடும்."

"அப்பம் எங்க மச்சானுக்கு டிக்கெட் போட்றாதிய. அவன் அம்பாசமுத்திரம் பஸ்சுலயே சன்னல் சீட்டு கேட்டு அழுவான்."

ஸ்ரீராகவ் சிரித்தான். கல்லிடைக்குறிச்சிப் பையன். ஆறு வருஷம் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவன். சிரிக்கும்போதும் ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது.

பெருமாள்ராஜ் கேட்டார்: "ஏறுததுக்கு எவ்வளவு நேரம் முன்கூட்டி வரணும் சார்?"

"மூணு மணி நேரம். மெடிக்கல் செக்கப், உடுப்பு மாத்தறது எல்லாம் இருக்கே."

"அப்பம் போர்டுல நாப்பது நிமிஷம்னு எழுதாதிய. சனங்க சண்டைக்கு வந்துருவாவ."

பத்து பதினேழுக்கு வள்ளியூர் ரயில்வே கேட் தெரிந்தது. சாத்தியிருந்தது.

ஸ்ரீராகவுக்கு முகம் வெளுத்தது. "போன ஞாயித்துக்கிழமை இதே நேரத்துக்கு வந்து பார்த்தேனே, திறந்துதானே இருந்தது?"

"ஞாயித்துக்கிழமை பாத்தா திறந்துதான் சார் இருக்கும்" என்றார் பெருமாள்ராஜ். 10.17, கேட், என்று எழுதினார்.

இறங்கிப் போய் கேட்கீப்பரிடம் விசாரித்தார். கூட்ஸ் வருகிறது, அது ஸ்டேஷனில் ஒதுங்கியதும் எதிர்ப்பக்கம் ஒரு வண்டி போகணும். இருபது நிமிஷத்துக்குக் குறையாது.

"ஜெர்மனிலேருந்து நாப்பது நிமிஷத்துல வந்துட்டு இங்கே இருபது நிமிஷம் நிக்கறதா?" ஸ்ரீராகவ் தலையில் கை வைத்தான். "போச்சு. எல்லாம் போச்சு."

மதார் பெருமாள்ராஜின் பக்கம் குனிந்தான். "அண்ணாச்சி, கூடக்கொறைய ஆச்சுன்னா பாத்துப் போட்டுருங்க. எனக்கும் இதுலதான் சோறு."

 பெருமாள்ராஜ் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வரிசையில் முதலில் நின்றது ஓர் அம்பாசடர். உள்ளே பட்டுச்சேலைகள், மடியில் தாம்பாளங்கள். பெரிய அம்மாள் ஒருத்தி சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்கீப்பரை வைதுகொண்டிருந்தாள்.

இந்தப் பக்கத்து அவசரமும் அந்தப் பக்கத்து அவசரமும் கேட்டில் மாறிக்கொள்வது பஸ்காரர்கள் வழக்கம். இந்தப் பஸ் ஆட்கள் இறங்கி அந்தப் பஸ்ஸில் ஏறுவார்கள். அந்தப் பஸ் ஆட்கள் இதில். பஸ்கள் வந்த வழியே திரும்பும்.

"சார், பெட்டி போவணுமா, வேன் போவணுமா?"

"பெட்டிதான். சீல் உடையாம, உள்ளே எட்டு டிகிரிக்கு மேல போகாம. ஏன்?"

பெருமாள்ராஜ் கேட்டருகே போய்க் கைகளைக் குவித்தார்.

"ஏ அம்பாசடர்! எங்கன போறிய?"

"ராதாபுரம்வே!" என்றான் டிரைவர். "பொண்ணு உறுதி பண்ணப் போறாவ. பதினோரு மணியோட நல்ல நேரம் முடியுது!"

"நாங்க பாளையங்கோட்டை போவணும்! எங்க வேன்ல நீங்க ஏறிக்கிடுங்க, உங்க கார்ல நாங்க ஏறிக்கிடுதோம்!"

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் கூட்டம் கூடிப் பேசியது. முப்பிடாதி என்ற அந்தப் பெரிய அம்மாள் வேனை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று புது வேன். கண்ணாடியில் இங்கிலீஷ் எழுத்து. மாப்பிள்ளை வீட்டுக் கௌரவத்துக்குப் பழுதில்லை என்று பட்டிருக்க வேண்டும். தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குக் கீழே குனிந்தாள். பின்னாலேயே ஏழு பேர்.

"ரயிலு வருது! சாவப் போறியளா?" என்று கேட்கீப்பர் கத்தினார்.

"அது இன்னும் பணகுடி தாண்டலைய்யா, நீரு பேசாம இரும்!" என்றாள் முப்பிடாதி.

தண்டவாளத்தின் நடுவே இரு கட்சிகளும் சந்தித்துக்கொண்டன. மதார் தூக்கி வந்த பெட்டியை அவள் உற்றுப் பார்த்தாள். "இதுல என்னய்யா?"

"ஆட்டு ஈரலும்மா" என்றான் மதார். இதயத்துக்குப் பதிலாகச் சோதனைக்கு அன்று காலையில் ராதாபுரம் கறிக்கடையில் அவன்தான் வாங்கினான்.

"ஈரலுக்கா இந்த ஓட்டம்? யாரு வீட்டு விருந்துய்யா?"

ஸ்ரீராகவ் பதில் சொல்ல வாயெடுத்தான். பெருமாள்ராஜ் பெட்டியை வாங்கி அவனிடம் திணித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அவர்களை வேனில் ராதாபுரத்துக்குக் கொண்டுபோக மதார் திரும்பினான்.

அம்பாசடர் டிரைவர் கொம்பையா வண்டியைத் திருப்பினான். "பாளையங்கோட்டையிலேருந்து இப்பதான்வே வாரேன். திருப்பியும் அங்கேயே போகச் சொல்லுதியளே!"

10.24, புறப்பாடு, அம்பாசடர்.

நாங்குநேரி தாண்டும்வரை கார் பறந்தது. அதற்கப்புறம் இருமியது. அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கியது. மூன்றடைப்பில் வைக்கோல் லாரி ஒன்று வழி விடவில்லை. ஸ்ரீராகவ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே வந்தான். காலையில் அந்த ஈரல் பெட்டியைத் தொடவே கூசியவன், இப்போது பிள்ளையை அணைத்தாற்போல் அணைத்திருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது பெருமாள்ராஜின் கடிகாரத்தில் 11.19.

எழுபத்தொன்பது நிமிஷம். நாலு நிமிஷம் கூட.

ஸ்ரீராகவ் கொம்பையாவை டீ குடிக்க அனுப்பினான். பிறகு ஃபைலைத் திறந்து ஆர்டரை மேலே எடுத்து வைத்தான். பேனாவையும் அதன் மேல் வைத்தான்.

"11.15ன்னு போடுங்க, பெருமாள்ராஜ்."

"11.19 சார்."

"ஆறு டிகிரிதான் இருக்கு. சீல் அப்படியே இருக்கு. கேட் நம்ம தப்பா? வேன் நேரா வந்திருந்தா எழுபத்தஞ்சுக்குள்ள வந்திருக்கும். நீங்க பஸ் ஸ்டாண்டுல பண்ணாததா?"

பண்ணியிருக்கிறார். பத்தொன்பது வருஷமும் பண்ணியிருக்கிறார். சீவலப்பேரி டவுன் பஸ் அஞ்சு நிமிஷம் பிந்தி வந்தாலும் வர வேண்டிய நேரத்தையே எழுதுவார். பிந்தியதாக எழுதினால் டிரைவருக்கு மெமோ வரும். டிரைவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள். கடைசியில் முதலாளி ஒரு வருஷத்து ஏடுகளைப் புரட்டினார். ஒரு நாள்கூடப் பிந்தாத பஸ். அப்படியானால் ஓடும் நேரத்தில் அஞ்சு நிமிஷம் குறைக்கலாம், இன்னொரு டிரிப் விடலாம். குறைத்தார். அந்த அஞ்சு நிமிஷத்தைப் பிடிக்கப் போய் டிரைவர் நேசையா வாய்க்கால் வளைவில் பஸ்ஸைக் கவிழ்த்தார். அவருடைய ஒரு காலை முழங்காலோடு எடுத்தார்கள். பெருமாள்ராஜ் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, "நீரு எம்புட்டோ உதவி பண்ணினீரு அண்ணாச்சி" என்று நேசையா கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கடைசிவரை விஷயம் விளங்கவில்லை.

"அந்த நாலு நிமிஷம் யாரைக் கொல்லப்போறது?" என்றான் ஸ்ரீராகவ்.

"இன்னைக்கு யாரையும் கொல்லாது சார். எழுபத்தஞ்சுன்னு நான் போட்டா, நாளைக்கு அதுதான் ரன்னிங் டைம். ராக்கெட்டு வரும்போதெல்லாம் மதார் எழுபத்தஞ்சுக்குள்ள ஓட்டணும். கேட்டு சாத்தியிருந்தாலும், லாரி குறுக்க நின்னாலும் ஓட்டணும். விட்ட நிமிஷத்தை அவன் எங்கன போய்ப் பிடிப்பான்? நாங்குநேரி வளைவுலதான பிடிக்கணும்?"

"ராதாபுரமே கைவிட்டுப் போயிடும். உங்க வேலையும்தான். தெரியுமில்லே?"

"தெரியுது சார்."

பேனாவை எடுத்தார். 11.19 என்று எழுதினார். கீழே, கேட்டில் நின்ற நேரம், வண்டி மாறிய காரணம், லாரி, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீராகவ் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ஆர்டரும் ஃபைலோடு போயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து மதார் சீவலப்பேரிக்கு வந்தான். புதுச் சட்டை, பையில் நிறுவனத்தின் அட்டை. பெருமாள்ராஜ் வயலிலிருந்து அப்போதுதான் திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ராதாபுரத்துக்கே கெடைச்சிட்டு!"

"நெசமாவாலே?"

"உங்க அட்டையைப் பெரிய ஆபீசுல பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சிருக்காவ. ஒரிசாவுலேருந்து வந்த அட்டையில ஒரு மாடுகூட குறுக்க வரலியாம். அதனாலயே அதை நம்பலியாம். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அந்த அம்பாசடர் கொம்பையாவுக்கு. ராக்கெட்டு வாரதுக்கு முன்னால வாரம் மூணு நாளு ஓட்டிப் பாக்கச் சொல்லியிருக்காவ."

உலகம்மாள் வாசலுக்கு வந்தாள். "இவுகளுக்கு?"

மதார் தலையைச் சொறிந்தான். "வேனுக்குள்ள ஒரு மிசின் வச்சிட்டாவ மைனி. கதவைச் சாத்தினா மணியை அதுவே அச்சடிச்சுக்கிடுது. நேரம் எழுத ஆளு வேண்டாம்னு ஸ்ரீராகவ் சார் எழுதிக் குடுத்துட்டாராம்."

உலகம்மாள் பெருமாள்ராஜைப் பார்த்தாள்.  உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

பெருமாள்ராஜ் துண்டால் காலைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ரன்னிங் டைம் எவ்வளவு போட்டிருக்காவ?"

"எண்பத்தஞ்சு. ஜெர்மனியில பெட்டி ஏத்துத நேரத்துல பத்து நிமிஷத்தைக் கொறைச்சுக்கிட்டாவளாம்."

அவர் மனதுக்குள் ராதாபுரத்திலிருந்து கிளம்பினார். கேட், நாங்குநேரி, மூன்றடைப்பு, வைக்கோல் லாரி, பாளையங்கோட்டை.

"எண்பத்தஞ்சுல ஓட்டிரலாம்லே" என்றார். "பைய போ."