பதினைந்தாவது கையெழுத்து

சந்திரமதியின் மகனுக்கு ரிமூவ் கிளாஸ்தான் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று, வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கோழி வாங்கி வந்தேன். பெரட்டல் வைத்து, மிஷேலின் தட்டில் இரண்டு கால் துண்டையும் வைத்தேன். "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டாள். விசேஷம்தான். முப்பது வருஷமாக நான் காத்திருந்த விசேஷம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்கு மலாய் போதவில்லை என்றால் இடைநிலைப்பள்ளியில் நேரே படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. ஒரு வருஷம் ரிமூவ் கிளாஸில் உட்கார்ந்து மலாய் படிக்க வேண்டும். ஒரு வருஷம்தானே என்பார்கள். அந்த ஒரு வருஷத்தில் கூடப் படித்தவர்கள் எல்லாம் சீனியர் ஆகிவிடுவார்கள். உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

நான் உட்கார்ந்தவள். சந்திரமதியும் நானும் சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தோம். அவள் நேரே படிவம் ஒன்றுக்குப் போனாள், நான் ரிமூவுக்குப் போனேன். அடுத்த வருஷம் அவளுக்கு மாணவர் தலைவி பட்டை கிடைத்தது. "இனிமே பேர் சொல்லிக் கூப்பிடாத செசிலியா. காகாக்னு கூப்பிடு" என்றாள். மலாயில் அக்கா. அவளைவிட நான் நான்கு மாதம் மூத்தவள்!

ஒருநாள் சபை கூடியிருந்த நேரம், எனக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் அவள்தான் காவல். "காகாக், விடு" என்று மெல்லச் சொன்னேன். "கேக்கலையே, சத்தமா சொல்லு" என்றாள். மூன்று தடவை சொல்ல வைத்தாள். அதற்குள் என் நீலச் சீருடை கறையாகிவிட்டது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் விரும்பவில்லை.

மிஷேல் முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்றே முடிவு செய்துவிட்டேன், என் பிள்ளை ரிமூவ் வாசலை மிதிக்கக் கூடாது. வீட்டில் மலாய்ப் பத்திரிகை, மலாய் டிவி. சாப்பாட்டு மேசையில் என்னோடு மலாயில்தான் பேச வேண்டும். அவள் தமிழ்க் கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிப்பாள், நான் பிடுங்கி அலமாரி மேலே வைப்பேன். என் கணவர் லியோனார்ட் சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். "புள்ளைய கொஞ்சம் விடேன்லா" என்பார். விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

பலன் கிடைத்தது. மிஷேல் படிவம் ஒன்றில், கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சேர்க்கிற முதல் வகுப்பில் உட்கார்ந்தாள். முப்பத்து நாலு பேரில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. அவளோடு படித்த ரூபினியும் மற்றவர்களும் கடைசி வகுப்புகளிலும் ரிமூவிலும் இருந்தார்கள். சந்திரமதியின் மகன் யுகேந்திரன் ரிமூவில். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வாரம் முழுக்க மிஷேல் டப்பாவில் கொண்டுபோன மீகூன் சேமியா பாதி அப்படியே திரும்பி வந்தது. "யாரோட சாப்பிடுற?" என்றேன். "யாரோடயும் இல்ல" என்றாள். "பழகிக்குவ" என்றேன். ஒரு வாரம் கழித்து, "அம்மா, தமிழ் கிளாஸ் தொறந்தா ரூபினியெல்லாம் ஒன்னா உக்காருவோம். பதினஞ்சு பிள்ளைங்களோட அப்பா அம்மா எழுதிக் கேட்டாத்தான் தொறப்பாங்களாம். நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டாள். போடுவேன் என்றுதான் சொன்னேன். மனு எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைவது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவள் சந்திரமதி. உடம்பு பெருத்திருந்தாள், நடை மட்டும் மாறவில்லை. பெற்றோர் சங்கப் பொறுப்பில் இருந்தாளாம், கையில் மனு. பதினான்கு பெயர் இருந்தது, கடைசிக் கோடு காலி.

"செசிலியா, எப்படி இருக்க? நாம ஒன்னா படிச்சோம்லா" என்றாள். ஒன்றாகப் படித்தோமாம்! "ஒன்னே ஒன்னு கொறையுது. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். என் மகன் கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டேங்கறான். தமிழ் ஒன்னுதான் அவனுக்கு நல்லா வரும்."

எனக்குள் ஏதோ இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது.

"போடறேன். ஆனா மொதல்ல என்னைக் காகாக்னு கூப்பிடு."

அவள் விழித்தாள். பிறகு முகம் மெல்ல மாறியது. ஞாபகம் வந்துவிட்டது. "அடியே, அதையா இன்னும் வச்சிக்கிட்டு இருக்க? நான் சின்னப் புள்ள..."

"நானும் சின்னப் புள்ளதான்."

தரையைப் பார்த்தாள். "காகாக்" என்றாள்.

"கேக்கலையே."

சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிரு செசிலியா. இப்ப போடு" என்று பேனாவை நீட்டினாள்.

"யோசிச்சு சொல்றேன்" என்று கதவைச் சாத்தினேன். திரும்பினால், அறை வாசலில் மிஷேல் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். துணை முதல்வர் புவான் அஸ்லினாவிடம், என் மகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டாம், அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன் என்று நல்ல மலாயில் சொன்னேன். சந்திரமதி வேறு யாரையாவது வைத்து என் பெயரில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது, பாருங்கள். போனை வைத்தபோது மனசு நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். உடனே வரச் சொன்னார்கள். தொழிற்சாலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

புவான் அஸ்லினாவின் அறையில் சந்திரமதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. மேசை மேல் மனு. பதினைந்தாவது கோட்டில் என் பெயர், பக்கத்தில் ஒரு கையெழுத்து.

"இது உங்களுடையதா?" என்று மலாயில் கேட்டார் புவான் அஸ்லினா. "போட மாட்டேன் என்று சொன்னீர்கள். இவர் நேற்றுக் கொண்டு வந்து கொடுத்தார். உங்களுடையது இல்லையென்றால் இது கள்ளக் கையெழுத்து. மனு செல்லாது. பெற்றோர் சங்கப் பொறுப்பிலிருந்தும் இவர் விலக வேண்டியிருக்கும். போலீஸ் வரைக்கும் போகலாம்."

சந்திரமதி மேசை மேலிருந்த மனுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சாமி! அந்த நொடியில் எனக்கிருந்த சந்தோஷத்தை எந்தப் பாதிரியாரிடமும் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. இவளைக் கவிழ்க்க நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். எல்லார் முன்னாலும் இவள் தலை குனிந்து வெளியே போவாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ருசித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் மனுவை என் பக்கம் இழுத்தேன். கையெழுத்துக்குக் கீழே என் அடையாள அட்டையின் ஐசி நம்பர். பன்னிரண்டு எண்ணும் சரியாக இருந்தது.

சந்திரமதிக்கு என் ஐசி நம்பர் எப்படித் தெரியும்? தெரியாது. என் வீட்டில் ஃபாரம் நிரப்புகிறவள், அந்த நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறவள் ஒருத்திதான். ஏழு எழுதினால் அதன் நடுவே சின்னக் கோடு போடுகிறவள். இந்த நம்பரில் இருந்த ஏழு எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது.

நிமிர்ந்து சந்திரமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி லேசாகத் தலையசைத்தாள். சொல்லிவிடாதே என்று. தனக்காக இல்லை. தனக்காக என்றால் யார் போட்டது என்று அவளே எப்போதோ சொல்லியிருக்கலாம்.

"என்னுடையதுதான்" என்றேன். "மனசு மாறிவிட்டது."

புவான் அஸ்லினா நம்பவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "அப்படியென்றால் இதில் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்."

என் கையெழுத்து ஒரு கிறுக்கல். மிஷேல் அதை அழகாக, ஒவ்வோர் எழுத்தும் தெரிகிற மாதிரி வரைந்திருந்தாள். பேனாவை எடுத்தேன். என் மகள் என் பெயரை எப்படி எழுதினாளோ அப்படியே, கடைசிச் சுழியைக்கூட விடாமல், நான் எழுதினேன். புவான் அஸ்லினா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மனுவில் முத்திரை குத்தினார்.

வெளியே வாகனம் நிறுத்தும் இடம் வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

"தெரிஞ்சுதானே வாங்கின? ஏன் வாங்கின?" என்றேன் கடைசியில்.

"என் கார்ல உக்காந்துதான் போட்டா. வேணாம்மா, தப்புன்னு சொன்னேன். கேக்கல. அழுதா." சந்திரமதி கார்ச் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினாள். "உன் மேல கோவமான்னு கேட்டேன். கோவமில்லன்னா."

"பின்ன என்ன சொன்னா?"

அவள் சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை.

"'எங்கம்மா என்னைப் பத்தி நெனக்கறதே இல்ல ஆண்டி. எப்பவும் உங்களையேதான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க'ன்னு சொன்னா."

முப்பது வருஷமாக இவள் முகத்துக்கு நேரே சொல்ல எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே வந்தார்கள். சிற்றுண்டிச் சாலையின் ஓரத்து மேசையில் என் மகள் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.