சிசிலியாவின் தேதி

பெனடிக்ட் கணபதி என்ற பகுதியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். வேலையும் அந்த அறையிலேயேதான். அவனுடைய கம்பெனி தேவாலயங்களுக்காக ஒரு செயலி செய்திருந்தது. இறந்தவர்களின் நினைவு நாளன்று காலை குடும்பத்தாருக்கு அதிலிருந்து செய்தி போகும். செயலி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

செய்தியின் அடியில் இருந்தது அவன் எண்தான். அன்று அவன் போன் அடித்தது.

“ஏனுங்க, மெசேஜ் அனுப்புறவருங்களா? நான் கருமத்தம்பட்டி பாக்கியசாமிங்க. எங்கூட்டுக்காரி சிசிலியாவுக்கு இன்னைக்கு நினைவு நாள்னு வந்திருக்குது. நாளைக்குத்தானுங்க.”

“தப்பாயிருச்சுங்க. பாத்துச் சரி பண்ணிர்றேங்க.”

“சண்டைக்கு வரலைங்க கண்ணு. சாகறதுக்கு மொத நாள் அவ நல்லாத்தான் இருந்தா. சாயங்காலம் கீரை உருவிக்கிட்டே என்னையத் திட்டினா. அந்த நாளையும் எடுத்துப்போட்டீங்கன்னா எனக்கு என்னங்க இருக்குது?”

பெனடிக்ட் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

குடும்பத்தார் எழுதித் தந்த தேதிகளைக் கம்ப்யூட்டருக்கான நொடிக்கணக்கு எண்ணாக மாற்றும் பகுதி அவன் எழுதியது. நேரம் குறிக்காத தேதிக்கெல்லாம் நள்ளிரவு என்று போட்டிருந்தான். அந்த எண்ணைத் திரும்பத் தேதியாக்கிய சர்வரோ கிரீன்விச் நேரத்தில் ஓடியது. நமக்கு நள்ளிரவு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை. எல்லோருடைய சாவும் ஒரு நாள் முன்னால் போயிருந்தது. நள்ளிரவை நண்பகலாக மாற்றினான். தேதிகள் தம் இடத்துக்கு வந்தன.

பாக்கியசாமியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

“சந்தோசமுங்க,” என்றார். பிறகும் போனை வைக்காமல், “நாளைக்குக் காலைல இங்க கோயில்ல அவளுக்குப் பூசைங்க,” என்றார்.

மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டித் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனான். ஏன் கிளம்பினான் என்று அவனுக்கே விளங்கவில்லை. பாதிரியார் சிசிலியாவின் பெயரை வாசித்தபோது, முன் பெஞ்சில் தனியாக இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் அவரிடம் போய், “நேத்து பேசுனது நான்தானுங்க,” என்றான்.

அவர் அவன் கையைப் பிடித்தார். “இதுக்குன்னு வந்தீங்களா! டீ குடிச்சுட்டுப் போலாம் வாங்க.”

கடையில் இருவரும் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சூடு ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது, “ஊட்டுல யாருங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

“யாரும் இல்லைங்க.”

“செரி, பாத்துப் போங்க,” என்றார் பாக்கியசாமி.

அவர் எண் அவன் போனில் இருந்தது. இனி என்ன காரணம் சொல்லி அழைப்பது என்று யோசித்தபடியே அவினாசி ரோட்டில் வண்டியை ஓட்டினான். காரணம் எதுவும் தோன்றுவதற்குள் அறை வந்துவிட்டது.