கறுப்புத் தாள் சுற்றிய ஊசி

என் ஜன்னலில் நிழல் விழுந்தால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எட்டு மாதமாக இப்படித்தான். மருந்து கலக்கும் அறைக்கு யாராவது வந்து கூப்பிட்டால், குரலை நன்றாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் தலையைத் தூக்குகிறேன்.

தங்கத்தை மிக நுண்ணிய தூளாக்கி நீரில் கலந்தால் சிவந்துவிடும். அதைப் புற்றுநோய்க் கட்டிக்குள் ஏற்றிக் கதிர் பாய்ச்சினால், தங்கம் இருக்கும் இடத்தில் கதிர் இன்னும் பலமாகச் சுடும் என்பது எங்கள் டாக்டரின் நம்பிக்கை. சோதித்துப் பார்க்கப் பன்னிரண்டு நோயாளிகள். ஆறு பேருக்குத் தங்கம், ஆறு பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கலக்கும் எனக்கு மட்டும் தெரியும். நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் ஊசிக்குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றி, எண் ஒட்டி அனுப்புவேன்.

ஏழாம் எண் என் அக்கா. கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. உறவு தெரிந்தால் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்திருப்பார்கள் என்பதால் இருவரும் மூச்சு விடவில்லை. யாருக்கு எது என்ற பட்டியலில் அவளுக்கு விழுந்தது உப்புத் தண்ணீர். எட்டாம் எண்ணான தையல்காரம்மாவுக்குத் தங்கம். எனக்கு மனது கேட்கவில்லை. எண்களை உரித்து மாற்றி ஒட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஊசி போட்டுக்கொண்டு வந்த தையல்காரம்மா என் ஜன்னலில் நின்றார்.

"உங்க கைராசி எப்படின்னு பாக்கலாம் தம்பி. எனக்கென்னமோ சரியாயிடும்னு தோணுது."

ஆறு வாரக் கதிரில் அக்காவின் கட்டி கரைந்தது. தையல்காரம்மாவுக்குக் கரையவில்லை. கடைசியில் குரலே போய்விட்டது. ஆனாலும் ஜன்னலைத் தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவார். அவர் செத்த பிறகு அந்தக் குரல் திரும்ப வந்துவிட்டது. தாளைச் சுற்றும்போதெல்லாம் 'தம்பி' என்று கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று டாக்டர் பட்டியலைப் பிரித்தார்.

"தங்கம் போட்ட ஆறு பேர்ல மூணு பேர் போயிட்டாங்க. தண்ணி போட்டவங்கள்லயும் மூணு. ஒரு வித்தியாசமும் இல்ல, இதோட நிறுத்திடலாம்."

உண்மையில் இறந்தது தங்கத்தில் இரண்டு பேர், தண்ணீரில் நாலு பேர். நான் மாற்றி ஒட்டிய எண்கள் நல்ல மருந்தைப் பொய்யாக்கிவிட்டன. இனி வருகிற யாருக்கும் அது கிடைக்காது.

வீட்டில் அக்கா சிரித்த முகமாக இருந்தாள்.

"எனக்கு வெறும் தண்ணிதானாம்டா, டாக்டர் போன்ல சொன்னாரு. தங்கம் கிடைச்சும் அந்தத் தையல்காரம்மா போயிட்டாங்க, பாவம். எனக்கு ஆயுசு கெட்டி."

எண்களை மாற்றி ஒட்டியதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆறு வாரமும் கதிருக்குக் காத்திருக்கிறப்ப நானும் அவங்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிடா. எனக்குக் கட்டி சின்னதா ஆக ஆக, அவங்கதான் அதிகமா சந்தோஷப்பட்டாங்க. 'உனக்குக் கரையுதுல்ல, எனக்கும் கரைஞ்சிடும்'னு சொல்லிட்டே இருந்தாங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலையில டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடு," என்றாள் அக்கா. "சொல்லிட்டு இங்க வராத."